மாமனார் எழுதிவைத்த வம்சம்

எங்கள் கல்யாண நாளை எங்களுக்கு முன்னாலேயே ஞாபகம் வைத்திருப்பவர் என் மாமனார். தை பிறந்து எட்டாம் நாள் காலையில், புக்கிட் காதிலிலிருந்து வாடகை ரிக்‌ஷா பிடித்து, மலாக்கா காஜா பேராங்கில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்குவார். கையில் ஒரு பிஸ்கட் டின். அதன் மூடியில் வெள்ளைக்கார ராஜாவும் ராணியும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இருப்பார்கள். டின்னை என் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் கேட்கிற முதல் கேள்வி வருஷா வருஷம் ஒன்றுதான்.

"என்ன மாப்பிள்ளே, ஊர்லேர்ந்து ஏதாச்சும் தகவல் வந்துச்சா?"

எனக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. அதை அவரிடம் சொல்லாமல் விட்டதில் ஆரம்பித்ததுதான் நான் இங்கே எழுதப்போகிற எல்லாம்.

கல்யாண நாள் கொண்டாடுவது எங்கள் பக்கத்தில் அப்போது யாருக்கும் தெரியாத பழக்கம். பிறந்தார்கள், கட்டினார்கள், செத்தார்கள். நடுவில் இருக்கிற வருஷங்களை யார் உட்கார்ந்து எண்ணுவார்கள்? மாமனார் முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கு எழுதுகிறவராக இருந்தவர். துரையும் துரைசானியும் வருஷத்துக்கு ஒருநாள் பங்களாவில் விளக்கேற்றி விருந்து வைப்பதை ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தவர். வேலையை விட்டு வந்ததும் துரை கொண்டாடியதைத் தானும் கொண்டாட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அவருடைய மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டதால், கொண்டாடக் கைக்கு அகப்பட்டது எங்கள் கல்யாணம்.

எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாங்கள் மலாக்கா செட்டிகள். கோயிலில் இருப்பது தமிழ்ச் சாமி. வீட்டில் பேசுவது மலாய்ப் பேச்சு. எங்கள் பெண்கள் மலாய்க்காரிகள் மாதிரி கெபாயா சட்டை போடுவார்கள், நெற்றியில் திருநீறும் பூசுவார்கள். எந்தக் காலத்திலோ துணி மூட்டையோடு கப்பலில் வந்த தமிழ் வியாபாரிகள் இங்கே இருந்த பெண்களைக் கட்டிக்கொண்டார்கள், நாங்கள் பிறந்தோம். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன குலம், எது குலதெய்வம் என்று எங்கள் பெரியவர்களைக் கேட்டால் கடல் இருக்கிற பக்கம் கையைக் காட்டுவார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது.

ஆனால் தெரிந்த பிணத்தை நாங்கள் மறந்ததில்லை. போகியன்று வீட்டில் செத்தவர்களுக்குப் படையல் போடுவோம். பார்ச்சு என்று அதற்குப் பேர். எங்கள் வீட்டில் பத்து இலை. ஒன்பது இலை ஒன்பது பேருக்கு. பத்தாவது, பேர் தெரியாமல் போன எல்லாருக்கும். யாருக்கு என்ன பிடிக்குமோ அது அவரவர் இலையில் இருக்கும். என் அம்மா, நாங்கள் மாக் என்று கூப்பிடுவோம், ஒவ்வொரு இலை முன்னாலும் மண்டி போட்டு, அந்த ஆளின் பேரைச் சொல்லி, "மாரி, மாக்கான்" என்பாள். வா, சாப்பிடு என்று அர்த்தம். பத்து இலைக்கும் சொல்லி முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நிற்போம். அவர்கள் சாப்பிட வேண்டும் அல்லவா? கொஞ்சநேரம் கழித்து மூன்று தடவை கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவோம். தட்டாமல் போனால் மரியாதை இல்லை.

ஏழாவது இலை ஜாவாவிலிருந்து வந்த ஒருத்திக்கு. மாக்குடைய கொள்ளுப்பாட்டிக்கும் முந்தியவள். டச்சுக்காரன் வீட்டில் வேலைக்கு என்று கொண்டுவரப்பட்டவள். கொண்டுவந்தவன் அவளுக்கு வாயில் நுழைகிற மாதிரி வேறு பேர் வைத்துவிட்டான். சாகும் வரைக்கும் அந்த வீட்டில் அந்தப் பேர்தான். ஆனால் அவள் தன் பிள்ளைகளிடம் தன் சொந்தப் பேரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதைத்தான் மாக் வரைக்கும் எல்லாரும் சொல்லி இலை போட்டு வந்தார்கள்.

"அவன் வச்ச பேரச் சொல்லிக் கூப்பிட்டா வேலைக்குத்தான் கூப்பிடுறாங்கன்னு நெனச்சுக்குவா, பாவம்" என்பாள் மாக். "அவ பேரச் சொன்னாத்தான் சாப்பிட வருவா."

மாக் பேசியதெல்லாம் மலாய். நான் தமிழில் எழுதுகிறேன். தமிழ் எனக்கு வந்த கதை தனி.

நான் தபால்காரன். மலாக்கா டவுனில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினெட்டு வயதில் இறங்கியவன். தோட்டத்து ஆட்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஊரிலிருந்து வருகிற கடுதாசியில் பாதிக்கு மேல் தமிழ் விலாசம். இங்கிலீஷ் தெரிந்த சீனக் கிராணி அவற்றையெல்லாம் ஒரு கூடையில் போட்டு, "நீ கோயில் ஆள்தானே, நீ பாரு" என்று என் பக்கம் தள்ளிவிடுவான். எனக்கு அப்போது ஓர் எழுத்துத் தெரியாது. வீடு வீடாகப் போய், "இது யாருக்கு?" என்று கேட்டுக் கேட்டே எழுத்தைப் பிடித்தேன். சோற்றுக்கு என்ன குழம்பு என்பதிலிருந்து மருமகள் என்ன சொன்னாள் என்பது வரைக்கும் ஜனங்கள் வாசலில் நின்று என்னிடம் பேசுவார்கள். அவர்கள் சொன்ன சொல்லையெல்லாம் வாயில் போட்டு மென்றுகொண்டே அடுத்த வீட்டுக்குப் போவேன். பள்ளிக்கூடம் எனக்கு அதுதான். ஆகவே என் தமிழில் எல்லார் வீட்டு வாசனையும் இருக்கும். "உங்க தமிழ்ல உப்பு கம்மி மாப்பிள்ளே, பெலாச்சான் ஜாஸ்தி" என்று மாமனார் சொல்வார். பெலாச்சான் எங்கள் குழம்பில் போடுகிற இறால் விழுது. அவர் சொன்னது வாஸ்தவம்தான்.

என் மனைவியைப் பார்த்ததும் அப்படி ஒரு வாசலில்தான். அவளுக்கு ஊரிலிருந்து மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். கப்பல் ஏற வேண்டியவன் ஏறவில்லை. கடுதாசிதான் ஏறி வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அவள் அப்பா வீட்டில் இல்லை. அவள் நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தாள். படித்து முடித்து என்னைப் பார்த்தாள்.

"இத வரலேன்னு சொல்லித் திருப்பி அனுப்ப முடியுமா?"

"பிரிச்சாச்சே. முடியாது."

"ஒட்டிக் குடுத்தா?"

"பசை இருக்கா?" என்றேன்.

சிரித்துவிட்டாள். அழ வேண்டிய நேரத்தில் சிரித்த பெண்ணை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குக் கடுதாசி வராத நாளிலும் நான் அந்த வழியாகப் போனேன். ஒரு வருஷம் ஓடியது. அவளுக்கு இருபத்திமூன்று ஆகிவிட்டது. ஊரிலிருந்து வேறு மாப்பிள்ளை வருகிற வழியும் தெரியவில்லை. ஒருநாள் மாமனாரே என்னை வாசலில் நிறுத்தினார்.

"ஒங்க பூர்வீகம் எது, தம்பி?"

என் பையில் மேலாக இருந்த கடுதாசியில் தபால் முத்திரை நன்றாக விழுந்திருந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பேரைச் சொன்னேன்.

"குலதெய்வம்?"

"அம்மன்."

"எந்த அம்மன்?"

"ஆத்தங்கரை அம்மன்" என்றேன். ஊர் என்று இருந்தால் ஆறு இருக்கும், ஆறு இருந்தால் கரை இருக்கும், கரையில் அம்மன் இல்லாமலா போவாள்?

நம்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நம்ப வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. "நல்ல ஊர்தான்" என்றார். தை எட்டாம் நாள் கல்யாணம்.

கல்யாணமான ஒரு வாரத்தில் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

முதல் ஒன்பது கல்யாண நாளும் எங்களுக்கு நல்ல நாளாகத்தான் இருந்தன. மாமனார் பிஸ்கட் டின்னோடு வருவார், ஊர்த் தகவல் கேட்பார், நான் ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் போனதும் அவளைப் பைசிக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கிளேபாங் கடற்கரைக்கு மிதிப்பேன். அங்கே சுட்ட மீன் வாங்கி மணலில் உட்கார்ந்து தின்போம். அவள் அப்பா மாதிரியே காலை நீட்டி, இல்லாத காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, "என்ன மாப்பிள்ளே, ஊர்லேர்ந்து தகவல் உண்டா?" என்பாள்.

"உண்டு மாமா. பெரியப்பா மாடு கன்னு போட்டிருக்கு."

"காளையா, கெடேரியா?"

"இன்னும் அது முடிவு பண்ணல."

பெரியப்பா, அவரோடு பேசாத சின்னப்பா, ஆற்றில் விழுந்து எழுந்த அத்தை, கோயில் மணியைத் திருடி மாட்டிக்கொண்ட ஒரு மாமன் என்று அந்த ஊரை நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து கட்டினோம். ஒன்பது வருஷத்தில் எனக்கு அந்த ஊரில் இருபது சொந்தக்காரர்கள். கல்யாண நாள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது அந்தச் சுட்ட மீனும் அவளுடைய சிரிப்பும்தான். அதற்குப் பிறகுதான் மற்றது வரும்.

ஒன்பதாவது கல்யாண நாள் கழிந்த பிறகு மாமனாரின் இளைய மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற பையன். அவன் வீட்டார் கேட்ட முதல் கேள்வி, மூத்த பெண்ணை எந்தக் குடும்பத்தில் கொடுத்தீர்கள் என்பது. எங்கள் ஆட்கள் குடியிருக்கிற காஜா பேராங் என்றதும் அவர்கள் முகம் மாறியிருக்கிறது. மாமனார் என்னிடம் வந்தார்.

"அஞ்சு தலைமுறை வேணும் மாப்பிள்ளே. எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டிடுவோம். பத்தாவது கல்யாண நாளுக்கு அதுதான் என் பரிசு. பேருங்கள எல்லாம் கேட்டு எழுதிக் குடுங்க."

நான் நிஜமாகவே கேட்டு எழுதினேன். அதை யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு நோட்டு வாங்கி, மாக்கை உட்காரவைத்து, ஒன்பது இலைக்காரர்களின் பேரையும் அவர்கள் கதையையும் முதல் தடவையாக எழுத்தில் போட்டேன். எங்கள் இடுகாட்டில் புல்லை விலக்கிக் கல்லைத் தடவிப் பார்த்தேன். தெருவில் இருந்த கிழவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசினேன். கடலுக்கு இந்தப் பக்கம் கிடைத்ததெல்லாம் கிடைத்தது. கோயிலில் விளக்குப் போட்ட ஒருவர், மீன் வலை பின்னிய ஒருவர், பிரசவம் பார்த்த ஒருத்தி, டச்சுக்காரன் வீட்டு ஜாவாக்காரி. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது. நோட்டை மாமனாரிடம் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரைக்கும் படித்தார். "இதுல ஊர் எங்க?" என்றார். பிறகு நோட்டை மூடி என்னிடமே கொடுத்துவிட்டு, "நான் பாத்துக்கிறேன்" என்றார். அன்றைக்கே அந்த ஊர்க் கோயிலுக்குக் கடுதாசி எழுதிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பதில் என் கைக்குத்தான் வந்தது.

பத்தாவது கல்யாண நாளுக்கு முந்தின மாதம். கூடையில் தமிழ் விலாசங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மாமனார் பேர், அந்த ஊர் முத்திரை. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான், ஒரு கடுதாசியைக் கூடத் தாமதப்படுத்தியவன் இல்லை. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு டவுனில் மளிகைக் கடை வைத்திருந்த நானாவிடம் போனேன். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். என் வயதுதான், என்னோடு விளையாட்டாகப் பேசுவார். என் ஊர் விஷயம் தெரிந்தவர் என் மனைவியைத் தவிர அவர் ஒருத்தர்தான்.

"பிரிச்சுப் பாத்துடுங்களேன்" என்றார் நானா.

"பிரிச்சா வேலை போயிடும்."

"பிரிக்காட்டி?"

"அவர் படிப்பார். அப்படி ஒரு குடும்பமே இல்லன்னு வந்திருக்கும். மச்சினிச்சி கல்யாணம் நிக்கும். பொண்டாட்டிய அப்பன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவார்."

"அப்ப வேலையா, பொண்டாட்டியான்னு பாத்துக்குங்க. எனக்கு மிளகு புடைக்கணும்."

இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். தைரியம் வந்து கொடுக்கவில்லை. பழக்கம்தான் என்னைக் கொண்டுபோய் அந்த வாசலில் நிறுத்தியது.

மாமனார் என் எதிரிலேயே உரக்கப் படித்தார். "தாங்கள் விசாரித்த குடும்பம் எங்கள் கிராமத்தைச் சேர்ந்ததேயாகும். எங்கள் பாட்டனார் காலத்தில் அவர்கள் அக்கரைச் சீமைக்குப் போனதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆற்றங்கரை அம்மன் கிருபையால் அவர்கள் வம்சம் தழைத்திருப்பது அறிந்து கிராமமே சந்தோஷப்படுகிறது." அதற்குக் கீழே ஐந்து தலைமுறைப் பேர். அதற்கும் கீழே, அம்மன் கோயில் மண்டபம் மழைக்கு ஒழுகுகிறது, அக்கரையில் இருக்கிற பிள்ளைகள் கைகொடுக்க வேண்டும்.

மாமனார் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். பத்து வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவருடைய தோளுக்கு மேலாகப் பார்த்தேன். உள் வாசலில் திரைக்குப் பின்னால் இளைய மகள் நின்றிருந்தாள். முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. நான் வாயைத் திறந்து, "இல்லை மாமா, அது பொய்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நானாவிடம் போய்ச் சொன்னபோது அவர் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "அட, ஒரு ஊரே ஒங்கள தத்து எடுத்துக்கிச்சே! ஓட்டைக் கூரைக்கு ஒரு பேரனா?" நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப பெரியப்பா?" என்றாள் மெதுவாக. நாங்கள் கட்டிய பெரியப்பா. அந்தப் பட்டியலில் அவர் இல்லை.

பத்தாவது கல்யாண நாளன்று மாமனாரோடு சிங்கப்பூர்ப் பையனின் வீட்டாரும் வந்தார்கள். போர்டு எழுதுகிறவனைக் கொண்டு எழுதவைத்து, தங்கப் பூச்சுச் சட்டம் போட்ட பெரிய வம்ச மரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வலப்பக்கக் கிளையில் மாமனார் வம்சம். இடப்பக்கம் என்னுடையது. கடுதாசியில் வந்த ஐந்து பேர், பிறகு என் தாத்தா, என் அப்பா, மாக், நான். பிரசவம் பார்த்தவள் இல்லை. ஏழாவது இலைக்காரி இல்லை. மரத்தை எங்கள் சாமி இடத்துக்கு நேர் மேலே மாட்டினார்கள்.

மாக் புடவை கட்டிய அந்த விருந்தாளிப் பெண்களுக்கு நடுவே தன் கெபாயாவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "என்ன எழுதியிருக்கு? படி" என்றாள். ஒவ்வொரு பேராகப் படித்து மலாயில் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "சியாப்பா?" என்றாள். யார் அது? முன்னோர் என்றேன். "யாருக்கு?" என்றாள்.

கடைசிக்கு முந்தின பேரை இரண்டு தடவை படித்தேன். மாக்கின் பேர் எங்கள் ஆட்கள் வைக்கிற பேர். கேட்டால் மலாய்ப் பேர் மாதிரி இருக்கும். மாமனார் அதை எழுதவில்லை. அந்த ஆற்றங்கரை அம்மனின் பேரை எடுத்து எழுதியிருந்தார்.

"சியாப்பா?" என்றாள் மாக்.

"அது நீங்கதான், மாக்."

அவள் சிரித்தாள். விருந்தாளிகளுக்காகச் சிரித்த சிரிப்பு. "நல்ல பேரு" என்றாள். "யாருக்கு வச்சிருந்தாங்களோ."

விருந்து முடிந்ததும் மாமனார் என்னைத் தனியாக அழைத்தார். "இனிமே இவங்க வரப்போக இருப்பாங்க, மாப்பிள்ளே. படையலுக்கும் வருவாங்க. எலை இந்தப் படத்துல உள்ளபடி இருக்கட்டும். ஜாவாக்காரிக்கு எலைன்னா என்ன நெனப்பாங்க? சின்னவ வாழ்க்கைய நெனச்சுப் பாருங்க." அவர் அதட்டவில்லை. கெஞ்சினார். அதட்டியிருந்தால் நான் மறுத்திருப்பேனோ என்னவோ.

அன்று நாங்கள் கிளேபாங்குக்குப் போகவில்லை.

மாக்கிடம் அதைச் சொல்லவும் சொன்னேன். அவள் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "நான் இருக்கிறவரைக்கும் பத்து எலை நான் போடுறேன். அப்புறம் நீயாச்சு, உன் படமாச்சு." அடுத்த போகிக்கும் அவள் இருந்தாள். பத்து இலையும் போட்டாள். ஏழாவது இலை முன்னால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகநேரம் மண்டி போட்டிருந்தாள். போகி கழிந்து, மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயத்தில் போய்விட்டாள்.

துக்கம் கழிந்து வந்த போகியில் இலை போட வேண்டியவன் நான். மாமனார் வந்திருந்தார். இளையவளும் அவள் புருஷனும் கைக்குழந்தையும் வந்திருந்தார்கள். என் மனைவி வாழையிலைக் கட்டை அவிழ்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எத்தன?"

படத்தில் இருந்த செத்தவர்களை எண்ணினேன். மாக்கோடு எட்டு. "எட்டு" என்றேன். அவள் எட்டு இலையைத் துடைத்தாள். மீதி மூன்று இலையைச் சுருட்டி மூலையில் வைத்தாள்.

முதல் ஐந்து இலையில் யாருக்கு என்ன பிடிக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரிச் சோறும் குழம்பும் வைத்தோம். எட்டாவதில் மட்டும் என் மனைவி தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு வைத்தாள், காய்ந்த இறால் சம்பல் வைத்தாள், பிடி போன தகரக் குவளையில் பால் விட்ட காப்பி வைத்தாள். மாக் வேறு குவளையில் குடிக்க மாட்டாள்.

மண்டி போட்டேன். கடுதாசியில் வந்த பேர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். "வாங்க, சாப்பிடுங்க" என்றேன், தமிழில். மாமனார் தலையை ஆட்டினார். தாத்தாவைக் கூப்பிட்டேன், அப்பாவைக் கூப்பிட்டேன். எட்டாவது இலை. எனக்குப் பின்னால் மாமனார் நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் சிங்கப்பூர்ப் பையன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். படத்தில் இருந்த பேரைச் சொன்னேன். அந்த அம்மன் பேரைச் சொல்லி என் அம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம். மாமனார் மருமகனோடு சிங்கப்பூரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாக்கக் கூப்பிடவே இல்லையே நீங்க."

"கூப்பிட்டேனே."

"அது எங்கப்பா எழுதின பேரு."

"அவர் முன்னால வேற எப்படிக் கூப்பிடச் சொல்ற? அவர்கிட்ட சொல்லாதீங்கன்னு நீதானே சொன்னே?"

"கல்யாணமான மொத வாரத்துல சொன்னேன்" என்றாள். "அதுக்கப்புறம் நீங்க எங்கிட்ட ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?"

மாமனார் வந்து மூன்று தடவை கதவைத் தட்டினார். உள்ளே போனோம். தகரக் குவளையில் காப்பி அப்படியே இருந்தது, மேலே ஏடு படிந்து. எந்த வருஷமும் அப்படித்தான் இருக்கும், செத்தவர்கள் எங்கே குடித்தார்கள்? ஆனாலும் அந்த வருஷம்தான் எனக்கு அது கண்ணில் பட்டது. படையல் சோற்றை எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிடுவது வழக்கம். எட்டாவது இலையை யாரும் எடுக்கவில்லை. நான் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டேன். என் மனைவி எனக்குப் பரிமாறவில்லை.

தை எட்டாம் நாள் மாமனார் பிஸ்கட் டின்னோடு வந்தார். அந்தத் தடவை அவர் கேள்வி கேட்கவில்லை, தகவலே கொண்டுவந்திருந்தார். அவர் அனுப்பிய பணத்தில் மண்டபம் கட்டி முடித்துவிட்டார்களாம். கைகொடுத்த குடும்பத்தின் பேரையெல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறார்களாம். "சம்பந்தியம்மா பேரும் இருக்கு, மாப்பிள்ளே. போய்ச் சேர்ந்தவங்களுக்கு இதவிட என்ன மரியாதை?" சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கெட்ட மனுஷர் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது. "ரொம்ப சந்தோஷம், மாமா" என்றேன். என் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். டின் அப்படியே மேசையில் இருந்தது.

அடுத்த போகி வருவதற்குள் மாமனாரும் போனார். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டார், அதையெல்லாம் பார்க்கவில்லை. படத்தை நான் கழற்றவில்லை. இளையவள் வந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பாள். ஆனால் இலையைத் திரும்பப் பத்துக்குக் கொண்டுவந்து, மாக்கையும் மாமனாரையும் சேர்த்துப் பன்னிரண்டு ஆக்கினேன். கடுதாசிக்காரர்கள் ஐந்து பேருக்கும் இப்போது இலை இல்லை. மாமனாரை அவருடைய அப்பா பேரின் முதலெழுத்தோடு சேர்த்து, ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிக் கூப்பிடுகிறேன். ஏழாவது இலைக்காரியை அவள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். மாக்கை மாக்கின் பேர் சொல்லி, "மாரி, மாக்கான்" என்கிறேன்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறோம். மற்ற வீடுகளில் தட்டுகிற சத்தம் கேட்கும். நான் இன்னும் கொஞ்சம் நிற்பேன். அந்த ஒரு வருஷத்துக்குப் பிறகு மாக் வருகிறாளா, வாசல்வரைக்கும் வந்து யோசித்துக்கொண்டு நிற்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. நேரம் கொடுத்துப் பார்க்கிறேன்.

என் மனைவிதான் ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். "போதும், தட்டுங்க. வர்றவங்க வந்திருப்பாங்க."